62-உம் 54-உம்: புற்றுநோய்ச் சிகிச்சையிலிருக்கும் குழந்தைகளின் எக்கோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு தாய், மஞ்சள் பையிலிருந்து இரண்டு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்து, “போன தடவை 62 சார், இப்ப 54. ஹார்ட்டு வீக்காயிடுச்சா?” என்று கேட்டார். மகனுக்கு ரத்தப் புற்றுநோய். வார்டில் எல்லோரும் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்சோரூபிசின் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடும் என்பதால்தான் எக்கோவே எடுக்கிறோம். ஆகவே அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்திருக்கவே கூடாது. 62 என்பது திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலுள்ள ஒரு ஸ்கேன் சென்டரில், இதயத்தின் நடுவே ஒரே ஒரு கோட்டில் அளந்து கணக்கிட்ட, ஒரு துடிப்பில் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று காட்டும் இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன். 54 என்பது வேறோரிடத்தில், இடது கீழறையின் உள்விளிம்பை இரு கோணங்களில் வரைந்து, சிம்சன் முறையில் கணக்கிட்டது. அளக்கும் ஆளும் முறையும் மாறினால் இதயம் மாறாமலேயே எண் பத்துப் புள்ளி வரை நகரக்கூடும். முதல் பரிசோதனையின் படங்கள் கிடைத்திருந்தால் அவற்றைச் சிம்சன் முறையில் மறுபடி அளந்திருக்கலாம். அந்த சென்டரில் படங்களைச் சேமித்து வைத்திருக்கவில்லை. எனவே இதயத்தின் வலிமைதான் குறைந்ததா என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில நாள் கழித்து அதே கருவியில் அதே முறையில் அளந்தபோது 56 வந்தது. அதையே இனி ஒப்பிடுவதற்கான அடிப்படையாகக் கொண்டோம். கீமோ தொடங்கும் முன் ஒழுங்காக ஓர் எக்கோ எடுத்து, படங்களை சிடியில் வாங்கி வைத்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

‘எங்கே எடுத்தாலும் எக்கோ எக்கோதான்’ என்று எண்ணுவதையே நான் முதல் தவறாகச் சொல்வேன். இயன்றவரை ஒரே இடம், ஒரே கருவி, ஒரே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரெய்ன் அளவுக்கு இது இன்னும் பொருந்தும். கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் மதிப்பு வேறுபடும். இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் குறையும் முன்பே அது குறையத் தொடங்கலாம் என்பதால் அதையும் கேட்டு வாங்குவது நல்லது. (அது −20 என்பதுபோல் மைனஸ் குறியோடு அச்சாகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.)

அடுத்தது, நாள் பார்க்காமல் எடுப்பது. கடும் காய்ச்சலிலோ, ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருக்கும்போதோ, இரவெல்லாம் டிரிப்ஸ் ஏறிய மறுகாலையிலோ எடுக்கும் அளவு, இதயத்தின் வழக்கமான நிலையைக் காட்டாது. மூச்சுத்திணறல், கால்வீக்கம் போன்ற அவசரம் இருந்தால் மட்டும் நாள் பார்க்கக் கூடாது. வீறிட்டு அழும் குழந்தையின் மார்பில் அவசரமாகக் கருவியை ஓட்டி எடுக்கும் படமும் வழக்கமான நிலையைக் காட்டாது. ஜெல்லைச் சற்றுக் கையில் வைத்துச் சூடாக்கி, அம்மா மடியிலேயே சாய்த்து, செல்போனில் ஒரு பாட்டை ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவை ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வளரும் பிள்ளையின் இதய அளவை உடலளவோடு சேர்த்துத்தான் படிக்க முடியும்.

கீமோ முடிந்ததும் எக்கோவையும் நிறுத்திவிடுவது, நம் பகுதியில் நான் அதிகம் காணும் தவறு. இந்த வகை மருந்தின் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். மொத்த அளவு ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 100 முதல் 250-க்குள் என்றால் 5 ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்கப் பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மார்பில் கதிர்வீச்சும் பெற்றிருந்தால் கணக்கு மாறும். ஆகவே டிஸ்சார்ஜ் அன்று, ஏறிய சிவப்பு மருந்தின் மொத்த அளவை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்று ஏழு வயதுப் பெண்ணாக இருப்பவள் நாளை கருவுறும்போது, அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டிய தாள் அது.