சாமுவேல்: அது எந்தக் ‘கேள்’?

ஞானஸ்நான அழைப்பிதழில் குழந்தையின் பெயருக்குக் கீழே பொருளையும் அச்சடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு வந்த இரண்டு அழைப்பிதழ்களிலும் குழந்தை சாமுவேல்தான். ஒன்றில் ‘கடவுளிடம் கேட்டுப் பெற்றவன்’, மற்றதில் ‘கடவுள் கேட்டருளினார்’. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை.

வரம் கேட்பதும் நமக்குக் ‘கேள்’தான், காதால் கேட்பதும் ‘கேள்’தான். எபிரெயத்தில் இவை வெவ்வேறு வினைகள். வேண்டிக் கேட்பது ஷாஅல், செவியால் கேட்பது ஷாமா. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது முதல் தவறு.

இதைவிடப் பெரிய தவறு, வேதாகமத்தில் தாய் சொல்லும் காரணத்தை அகராதிப் பொருளாக எடுத்துக்கொள்வது. பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் உதடு மட்டும் அசைய ஜெபித்ததும், குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைத்ததும் தெரிந்த கதை. பிள்ளை பிறந்ததும், கர்த்தரிடத்தில் கேட்டேன் என்று சொல்லி அவள் பெயரிடுகிறாள் (1 சாமுவேல் 1:20). அந்தக் ‘கேட்டேன்’ ஷாஅல். அதன் எழுத்துகள் ஷின், அலெஃப், லாமெத். சாமுவேலின் எழுத்துகளோ ஷின், மேம், வாவ், அலெஃப், லாமெத். முதலும் முடிவும் ஒத்துப்போகின்றன. நடுவில் நிற்கும் மேமுக்கு அந்த வினையில் இடமே இல்லை. ஆகவே இது ஒலி ஒப்புமையில் பிறந்த சொல்விளையாட்டு. ‘கேட்கப்பட்டவன்’ என்ற பொருள் அச்சாகப் பொருந்துவது இஸ்ரவேலின் முதல் அரசரான சவுலுக்குத்தான்; எபிரெயத்தில் அவர் ஷாஉல். இதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் அந்தச் சொல் அப்படியே வருகிறது. அதனால் இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுலுடையதாக இருந்திருக்கலாம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. எல்லோரும் அதை ஏற்கவில்லை.

‘கடவுள் கேட்டருளினார்’ என்றால் ஷாமாவின் கடைசி எழுத்தான அயின் பெயரில் இருக்க வேண்டும். சாமுவேலில் அது கிடையாது. இஸ்மவேலில் இருக்கிறது, எலிஷாமாவிலும் இருக்கிறது. அந்தப் பொருள்மீதுதான் ஆசை என்றால் இந்த இரண்டில் ஒன்றை வைக்கலாம்.

பிறகு சாமுவேலுக்கு என்னதான் பொருள்? ஷேம் என்றால் பெயர், ஏல் என்றால் இறைவன். ‘இறைவனின் பெயர்’ அல்லது ‘அவர் பெயர் ஏல்’ என்று பிரிப்பதே எழுத்துகளோடு ஒத்துவருகிறது. நடுவிலுள்ள ‘உ’ பழைய வேற்றுமை உருபின் எச்சமாக இருக்கலாம். இப்படி ஒரு ‘உ’ வேறு பெயரிலும் வருகிறது: யாக்கோபு விடியும்வரை போராடிய இடத்தின் பெயர் எபிரெய மூலத்தில் ஒரு வசனத்தில் பெனியேல், அடுத்ததிலேயே பெனுவேல்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் ஒரு பிழையும் உண்டு: கடைசியில் ‘வேல்’ இருப்பதால் முருகனின் வேலோடு முடிச்சுப் போடுவது. தமிழ் எழுத்துக்கூட்டலில் அந்த ‘வ’ உடம்படுமெய் போலத்தான் நிற்கிறது. தானி என்பதோடு ஏல் சேரும்போது யகரம் வந்து தானியேல் ஆகிறது. சாமுவில் உகரம் இருப்பதால் வகரம்.

‘சாம்’ என்று சுருக்கிக் கூப்பிடுவதால் சிம்சோனின் (ஆங்கிலத்தில் சாம்சன்) பொருளை இதில் ஏற்றுவோரும் இருக்கிறார்கள். அது சூரியனைக் குறிக்கும் ஷெமெஷ் என்ற சொல்லோடு தொடர்புள்ள வேறு பெயர்.

மூலத்துக்குப் போகிறோம் என்று ‘ஷாமுவேல்’ என எழுதுவதும் வேண்டாம். எபிரெய உச்சரிப்பு ஷ்முவேல். கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலி இல்லாததால் அங்கே அது சாமுவேல் ஆனது. ஷகரத்தை எபிரெயத்திலிருந்தும் ஆகாரத்தைக் கிரேக்கத்திலிருந்தும் எடுத்து ஒட்டினால் கிடைப்பதுதான் ஷாமுவேல்.