எலுமிச்சை பிழியத் தோன்றினால் வெள்ளை வைன்

ஒரு உணவின் மேல் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றினால், அந்த உணவோடு குடிக்கப் புளிப்புத் தூக்கலான வெள்ளை வைனைத் தயங்காமல் ஊற்றலாம். சோவினியோன் பிளாங்க், அல்பரீனோ இரண்டும் இந்த ரகம்தான். பொரித்த மீன், இறால், சிப்பி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு சரியாக வரும்.

வைனின் புளிப்பு வாயில் எச்சில் ஊறவைத்து, நாக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிவிடுகிறது. உணவில் உள்ள உப்போ வைனின் புளிப்பைத் தணித்து, பழச்சுவையை மேலே கொண்டுவருகிறது. ஆட்டுப்பால் சீஸோடு சோவினியோன் பிளாங்க் அவ்வளவு பொருந்துவது இதனால்தான். என்னைக் கேட்டால் இதை மிஞ்சிய ஜோடி இல்லை.

இனிப்புப் பண்டத்தோடு மட்டும் வேண்டாம், வைன் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். காரம் அதிகமென்றால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். அங்கே லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் தேவலை. அப்புறம், ஓக் மரப் பீப்பாயில் ஊறிய கனமான ஷார்டனே என்ற வெள்ளை வைனுக்கு இந்த எலுமிச்சைக் கணக்கு செல்லாது.