முதல் ஓட்டுக்கு முன் ஓர் ஒத்திகை

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல். அதற்குச் சில வாரங்கள் முன்பு, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வாக்காளர் வகுப்பு நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. முதல் நாள் அரை மணி நேரம் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசினேன்; பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இப்படி ஒரு வகுப்பை நீங்கள் நடத்தினால் பேசவே வேண்டாம். வந்ததும் மாதிரி ஓட்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மாதிரிச் சீட்டில் உண்மையான கட்சிகள் கூடாது. எந்தப் பெயர் மேலே இருக்கிறதோ அந்தக் கட்சி ஆள் என்று உங்களை ஊர் முடிவு கட்டிவிடும். நாங்கள் அன்னாசி, லிச்சி, வாழை, பப்பாளி என்று படம் வரைந்தோம். ஓர் ஆயா மூன்று பழங்களுக்குப் பெருக்கல் குறி போட்டு, லிச்சியை மட்டும் விட்டுவைத்திருந்தார். “எனக்கு லிச்சிதான் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் தப்புக்குத்தானே அம்மா இந்தக் குறி போடுவார்கள்?” என்றார். அன்றிலிருந்து, பிடித்ததற்குத்தான் இந்தக் குறி என்பதையே முதல் பாடமாக வைத்தேன். பிறகு அந்தத் தேர்தலின் இரண்டு சீட்டுகளையும் பழக்கினேன்: ஒன்று நாட்டுக்கு, ஒன்று மாகாணத்துக்கு.

ரகசியத்தை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கறுப்பினத்தாரை ஒதுக்கிவிட்டு இந்தியர்களுக்கெனத் தனி அவை அமைத்த 1984 தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி வீடு வீடாக ஏறியவர்களே 1994இல் ஓட்டுப் போடச் சொன்னால், சந்தேகம் வரத்தானே செய்யும்! சீட்டை மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பெட்டியைக் குலுக்கி, எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, “ஆயாவின் சீட்டு எது, எடுங்கள் பார்ப்போம்” என்று கேளுங்கள். கணவன்மார்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது இன்னும் நல்லது. அந்தத் தேர்தலில் கையில் இட்ட மை கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா விளக்கில்தான் ஒளிர்ந்தது. அந்த விளக்கு ஏற்கெனவே ஓட்டுப் போட்டவரா என்பதை மட்டும் காட்டியது. யாருக்குப் போட்டார் என்பது அதற்குத் தெரியாது. இதை இரண்டு முறை சொன்னேன்.

கடைசி நேர மாற்றத்துக்கும் பழக்குங்கள். சூலு மக்களிடையே செல்வாக்குள்ள இன்காதா கட்சி ஏப்ரல் 19இல்தான் போட்டிக்கு வந்தது. அச்சாகிவிட்ட சீட்டுகளின் அடியில் அதன் பெயரைத் தனித் துண்டாக ஒட்டினார்கள். எங்கள் பழச் சீட்டிலும் அடியில் ஒரு கொய்யாவை ஒட்டினோம்.

வகுப்பு முடிந்ததும் ஓட்டுப் போடக் காட்ட வேண்டிய ஒவ்வொருவரின் அடையாளப் புத்தகத்தையும் கண்ணால் பாருங்கள். “வீட்டில் இருக்கிறது” என்பார்கள். பெரும்பாலும் அது மருமகளின் அலமாரியில் இருக்கும், சாவி மருமகளோடு வேலைக்குப் போயிருக்கும். புத்தகமே இல்லாதவருக்கு 1994இல் தற்காலிக வாக்காளர் அட்டை கொடுத்தார்கள். அதற்கு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவோம்.