தும்மினால் கசிகிறதா? சுருக்குத்தசையைப் பழக்குவது இப்படித்தான்

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தும்மல் என்றாலே பயம். மூக்கு அரிக்க ஆரம்பித்ததும் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பேன், அப்படியும் இரண்டு சொட்டு சிறுநீர் போய்விடும். "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கிறதுதான்" என்றார் அம்மா. இருக்கிறதுதான், ஆனால் பயிற்சியிலேயே பெரும்பாலும் குறைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் வெட்கத்தில் கேட்கவில்லை, ஒரு வருடம் வீணாய்ப் போனது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயிற்சியைத் தப்பாகச் செய்ய மாட்டீர்கள். பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை மாதிரிதான் சிறுநீர்ப்பையும், ஆனால் இதற்கு இரண்டு சுருக்கு. உள்சுருக்கு பையின் கழுத்திலேயே இருக்கிறது, நம் பேச்சைக் கேட்காது, தானாக மூடும், தானாகத் திறக்கும். வெளிச்சுருக்கு அதற்குக் கீழே, அது நாம் சொன்னால் கேட்கும். 150-200 மில்லி சேர்ந்ததும் லேசாக முட்ட ஆரம்பிக்கும், 400-500 வரை பை தாங்கும். நிறைகிற செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகிறது. மூளை 'இப்போ வேண்டாம்' என்றால் பை தளர்ந்தும் சுருக்கு இறுகியும் இருக்கும். 'போகலாம்' என்றால் அப்படியே தலைகீழ். கைக்குழந்தைக்கு இந்த மேலிடத்து உத்தரவு இன்னும் பழகாததால்தான் நினைத்த நேரத்தில் மடியை நனைக்கிறது.

பிரசவத்தில் வெளிச்சுருக்குக்குப் போகும் நரம்பு இழுபடலாம், தசையும் தொய்ந்துவிடலாம். தும்மும்போது வயிற்றழுத்தம் சட்டென்று ஏறிப் பையைக் கீழ்நோக்கி அழுத்தும், அதே நொடியில் சுருக்கு இறுகாவிட்டால் கசிவு.

சரி, பயிற்சிக்கு வருவோம். அர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் எழுதியதிலிருந்து அவர் பெயரிலேயே இருக்கிறது. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். நாலு பேருக்கு நடுவில் வாயு வெளியே வராமல் அடக்குவோமே, அந்தத் தசையை இறுக்கி, அப்படியே உள்ளே மேலே இழுங்கள். மேலே என்பதுதான் முக்கியம். நான் முதல் இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்கிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, "நீங்க பயிற்சி பண்ணலைம்மா, மறுபடி பிரசவம் பார்க்கிறீங்க" என்றார். வயிற்றில் வைத்த கை மேலே எழும்பினாலோ, தொடையும் பிட்டமும் இறுகினாலோ தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளரவிட்டு, பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. போகப் போக பத்து எண்ணும் வரை. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுசாகக் காலியாகாமல் போகும். மூன்று மாதம் விடாமல் செய்யணும். அதுவரைக்கும் ஒரு குறுக்குவழி: தும்மல், இருமல், குடம் தூக்குவது, எதுவானாலும் அதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் சாவியை எடுத்ததுமே முட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேறு ரகம். அங்கே பைதான் அவசரப்பட்டுச் சுருங்குகிறது. ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள், அதுவே நரம்பு வழியாகப் பையை அடக்கும், வேகம் தணிந்ததும் நடந்தே போகலாம். மணிக்கொரு தடவை போகிறவர் வாரத்துக்கு 15 நிமிடமாகத் தள்ளிப்போட்டு மூன்று மணி நேர இடைவெளிக்கு வரலாம். பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோமே, அது வேண்டாம், சிறுநீர் கெட்டிப்பட்டுப் பையை இன்னும் எரிச்சல்படுத்தும். காபியைக் குறையுங்கள்.

மலத்துக்கும் இதே இரட்டைச் சுருக்குதான், ஆனால் இன்னும் சாமர்த்தியசாலி. மலக்குடல் நிறைந்ததும் உள்சுருக்கு கொஞ்சம் தளர்ந்துகொடுக்கும், அங்கிருக்கும் நரம்புகள் வந்திருப்பது காற்றா, தண்ணியா, கட்டியா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும். (பேதி நாளில் காற்றுதான் என்று நம்பி ஏமாந்தவர்கள் கை தூக்கவும்.) இதுபோக ஒரு தசை, வார் போட்டு இழுத்துக் கட்டின மாதிரி மலக்குடலை வளைத்து வைத்திருக்கும். குந்தினால் அது தளர்ந்து வழி நேராகும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். சாப்பிட்டதும் குடல் அசையும், அதனால் காலை டிபன் முடித்த அரை மணிக்குள் போவது நல்லது. முக்க வேண்டாம். வருடக்கணக்கில் முக்கினால் வெளிச்சுருக்குக்குப் போகும் நரம்பே இழுபட்டுவிடலாம், கட்டிப்போன மலம் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்தும்.

நரம்பே கெட்டிருந்தால் பயிற்சி மட்டும் போதாது. நாள்பட்ட சர்க்கரை நோயில் பை நிறைந்த உணர்வே மங்கிப்போகலாம், அவர்கள் முட்டும் வரை காத்திராமல் கடிகாரம் பார்த்துப் போகணும், டாக்டரிடமும் காட்டணும். திடீரென்று சிறுநீர் போகவே முடியாமல், தொடைகளுக்கு நடுவே மரத்து, முதுகுவலியோடு கால் வலுவிழந்தால், முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், நடுராத்திரி என்றாலும் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.