மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் சிகிச்சை: முடிவெடுக்கும் முன்னும் தொடங்கிய பின்னும்

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதங்கள் முழுமையாகக் கடந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 45 வயதைக் கடந்தவருக்கு இதை உறுதிசெய்யப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. மாதவிடாய் நிற்கப்போகும் காலகட்டத்தில் ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், ஒரு நாள் எடுத்த முடிவு மறுநாளுக்குப் பொருந்தாது. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பரிசோதனையும் தேவை. தடையாக வேறு நோய் எதுவும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது எலும்பையும் இதயத்தையும் கருதி ஹார்மோன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். "சரியாகத் தூக்கம் வருவதில்லை, உடம்பெல்லாம் எரிகிறது" என்று சொல்வதைவிட, "இரவு 2 மணி, முகமும் கழுத்தும் கொதித்தன, வியர்வையில் நனைந்த உடையை மாற்றினேன், மீண்டும் உறங்க 40 நிமிடம் ஆயிற்று" என்ற ஒரு வரி மருத்துவருக்கு அதிகம் சொல்லும். சிகிச்சை தொடங்கிய பிறகு அது பலன் தருகிறதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும் இந்தக் குறிப்பே உதவும். அதே ஏட்டில் கடைசி மாதவிடாய் வந்த தேதி, கருப்பை அகற்றப்பட்டதா என்ற விவரம், ரத்த அழுத்தம், காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் உறைந்ததுண்டா, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா, இப்போது உட்கொள்ளும் மருந்துகள் எவை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கருப்பை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே மருந்து மாறுகிறது. மாதவிடாய் நிற்கும்போது உடலில் குறைந்துபோகும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தொடர்ந்து தடித்துக்கொண்டே போய், காலப்போக்கில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு; அதைத் தடுக்கவே கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒன்றும் சேர்த்துத் தரப்படுகிறது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். தோழிக்கு எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரல் வழியாகச் செல்வதால், ரத்தம் உறையும் அபாயத்தைச் சற்று கூட்டுகிறது. தோல் வழியாகச் செல்லும் பட்டையும் (தோலில் ஒட்டும் பேட்ச்) ஜெல்லும் வழக்கமான அளவில் அந்த அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆகவே உடல் எடை கூடியவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இவையே பெரும்பாலும் முதல் தேர்வு. பட்டையை இடுப்புக்குக் கீழே, எண்ணெயோ லோஷனோ தடவாத உலர்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மார்பகத்தின் மீது ஒருபோதும் ஒட்டக் கூடாது. அடுத்த பட்டையை அதே இடத்தில் ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஜெல் தடவினால் கையைக் கழுவுங்கள். தடவிய இடம் நன்றாக உலரும் வரை குழந்தைகளின் உடல் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இச்சிகிச்சையைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் 2002இல் இடைநிறுத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்த கூட்டு மருந்தை எடுத்துக்கொண்ட பெண்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்குச் சுமார் 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு உள்ளானார்கள். அதே பெண்களிடையே இடுப்பு எலும்பு முறிவு குறைந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதையும் மறக்கக் கூடாது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குவோருக்கு, கடும் உடற்சூடும் வியர்வையும் இருந்தால், பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய பொதுக் கருத்து. இதய நோய் வராமல் தடுப்பதற்காக மட்டும் இதைத் தொடங்குவது பரிந்துரைக்கப்படுவதில்லை.

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், தீவிரக் கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவை உள்ளவர்களுக்குப் பொதுவாக இச்சிகிச்சை தரப்படுவதில்லை. அவர்களின் உடற்சூட்டைக் குறைக்க ஹார்மோன் அல்லாத மாத்திரைகளும், மனநிலைக்கான உரையாடல் சிகிச்சையும் உள்ளன. பிறப்புறுப்பு வறட்சி, உடலுறவின்போது வலி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவை மட்டுமே தொல்லை என்றால், அங்கேயே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்போ மாத்திரையோ போதும். கூச்சத்தால் பலர் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் விடுவது இதைத்தான். சிகிச்சை எளிதாக இருப்பதும் இதற்குத்தான்.

தொடங்கி 3 மாதங்களில் மருத்துவரை மீண்டும் பாருங்கள். கூட்டு மருந்தின் முதல் சில மாதங்களில் சிறிது ரத்தம் படுவது வழக்கமே. 6 மாதங்களுக்குப் பிறகும் நீடித்தால், அல்லது நின்றது மீண்டும் வந்தால், பரிசோதனை தேவை. எந்த ஹார்மோனும் எடுக்காதவருக்கு, மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "மறுபடி வந்துவிட்டது போலும்" என்று காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு உணவையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியமும், போதிய வைட்டமின் டியும், எடை தாங்கும் நடைப்பயிற்சியும் தேவை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகிய பரிசோதனைகளை விடக் கூடாது. சிறு தடுமாற்றத்தில் எலும்பு முறிந்தவர்கள் வழக்கமாக அளந்து பார்க்கும் 65 வயது வரை காத்திராமல் எலும்பு அடர்த்தியை அளந்து பார்க்க வேண்டும். சிகிச்சையை நிறுத்தும்போது எலும்புக்கு அது தந்த பாதுகாப்பும் படிப்படியாகக் குறைந்துவிடும் என்பதால், நிறுத்தும் முடிவோடு எலும்பை அடுத்து எப்படிக் காப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.