கூட்டம் மொய்க்கும் ஏரியில் வசந்தகால பாஸ் தூண்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்துவிட்டால் போதும், அட்லாண்டாவுக்கு வடகிழக்கே இருக்கும் லேனியர் ஏரியின் படகு இறக்கும் இடங்கள் சனிக்கிழமை விடிவதற்குள் நிரம்பிவிடும். சாட்டஹூச்சி ஆற்றை பியூஃபோர்டு அணை கட்டி மறித்ததால் 1950களில் உருவான ஏரி இது. பரப்பு சுமார் 38,000 ஏக்கர், கரையின் நீளம் 692 மைல். ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். இவ்வளவு பெரிய ஏரியில் இடமா இல்லை என்று தோன்றும். ஆனால் குளிர்காலம் முழுக்க ஆழத்தில் கிடந்த பாஸ் (bass) என்னும் நன்னீர் வேட்டை மீன்கள் வசந்தத்தில் கரையை நோக்கி ஏறுகின்றன. தூண்டில்காரர்களும் அதே கரைக்குத்தான் வருகிறார்கள். அப்புறம் ஜெட் ஸ்கீ, தட்டையான பாண்டூன் உல்லாசப் படகு, பெரிய அலை எழுப்பும் வேக்போர்டு படகு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா ஊர்ப்பக்கம் குடியிருந்து புதிதாகத் தூண்டில் பிடித்த நம்மவர்கள் ஞாயிறு மாலை சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான்: "ஒரே கூட்டம், அதான் ஒண்ணும் மாட்டல." கூட்டம் தொந்தரவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்புவதற்குக் கூட்டம் பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் கட்சி. எந்த நாளில் போகிறோம், எந்தத் தண்ணீரில் நிற்கிறோம் என்பதில்தான் கோளாறு.

நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போவது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வசந்தத்தில் ஜார்ஜியாவின் வானிலை ஒரு சுழற்சியில் ஓடும். இரண்டு மூன்று நாள் தெற்குக் காற்றும் மேகமுமாக இதமாக இருக்கும், பிறகு மழை, மழையின் பின்னாலேயே வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும். அந்த நீல வானத்தைப் பார்த்துத்தான் ஊரே படகை இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. பாஸ் மீனுக்கு அதுதான் மிக மந்தமான நாள். மழைக்கு முந்தைய மாலை வெறிகொண்டு இரை எடுத்த மீன், குளிர்காற்று இறங்கிய மறுநாள் சற்று ஆழத்துக்கு நகர்ந்தோ மறைவிடத்தோடு ஒட்டியோ கிடக்கும். மூக்குக்கு நேரே போட்டால்தான் வாயைத் திறக்கும்.

ஆக, கூட்டம் அதிகமாக இருக்கும் நாளும் மீன் கடிக்காத நாளும் ஒன்றாகவே வந்து வாய்க்கின்றன. இரண்டுக்கும் காரணம் அந்த வானிலைதான் என்பது தெரியாமல் ஒன்றின் மேல் இன்னொன்றின் பழியைப் போடுகிறோம்.

மூட்டம் போட்ட வெள்ளி மாலையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை வெயிலுக்காகக் காத்திருப்பது வீண். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த பிறகு இங்கே பொழுது சாயவே ஏழே முக்கால் ஆகிறது. அலுவலகம் முடித்து ஐந்தரைக்குக் கரைக்கு வந்தால்கூட முழுதாக இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. வார நாள் என்பதால் படகு நிறுத்துமிடத்தில் பாதி காலியாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும்: இடிச்சத்தம் கேட்டுவிட்டால் மீன் எப்படிக் கடித்தாலும் சரி, கரையேறிவிடுங்கள். கையில் இருக்கும் கிராஃபைட் கோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

தேதியைப் பார்ப்பது, தண்ணீரைப் பார்க்காமல் விடுவது

"ஏப்ரல் முதல் வாரம் முட்டையிட வரும்" என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய. மீனுக்குத் தேதி தெரியாது. தண்ணீரின் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 55-ஐ நெருங்கும்போது அசைய ஆரம்பிக்கும். 60-களில்தான், அதாவது செல்சியஸில் பதினாறு முதல் இருபதுக்குள், முட்டையிடும். அந்த வெப்பம் ஒரு வருடம் மார்ச் கடைசியிலேயே வரலாம், இன்னொரு வருடம் ஏப்ரல் பாதிவரை இழுக்கலாம். ஒரே நாளில் ஏரியின் இரண்டு மூலைகளில் இரண்டு பருவம் நடப்பதும் உண்டு. கெயின்ஸ்வில் பக்கம் ஆறுகள் வந்து சேரும் இடத்தில் தண்ணீர் கலங்கலாக இருப்பதால் சீக்கிரம் சூடேறும். அணைப்பக்கம் தெளிந்த ஆழத் தண்ணீர், அங்கே எல்லாம் தாமதம்.

படகில் மீன் தேட வைத்திருக்கும் சோனார் திரையில் காட்டும் வெப்பம் மேல்மட்டத்து வெப்பம் மட்டுமே என்பதையும் மறந்துவிடுகிறோம். மதிய வெயிலில் 64 காட்டியதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதே இடத்தில் விடியற்காலையில் எவ்வளவு இருந்தது, அடுத்த நாள் விடியற்காலையில் எவ்வளவு என்று பார்த்தால்தான் தண்ணீர் உண்மையில் சூடாகிறதா என்பது புரியும். ஆரம்ப நாட்களில் சிறு வளைகுடாக்களின் வடமேற்கு மூலைகளைப் பாருங்கள். குளிர்காற்று நேரே படாது, தெற்கிலிருந்து விழும் வெயில் நாள் முழுக்கக் கிடைக்கும்.

லேனியருக்கே உரிய சங்கதி ஒன்றும் இருக்கிறது. பாஸில் பல வகை உண்டு; இங்கே அதிகம் கிடைப்பது லார்ஜ்மவுத் அல்ல, ஸ்பாட்டட் பாஸ். வாயை மூடியிருக்கும்போது தாடை கண்ணைத் தாண்டிப் போனால் லார்ஜ்மவுத். கண்ணுக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஸ்பாட்டட். நாக்கில் விரல் வைத்தால் சொரசொரவென்று பல்திட்டு தட்டுப்படும். இந்த மீன் லார்ஜ்மவுத் அளவுக்குக் கரையோடு ஒட்டாது. சரளையும் பாறையுமாக இருக்கும் முனைகளில், இன்னும் கொஞ்சம் ஆழத்தில் கூடு வைக்கும். குளிர்காலக் கடைசியில் கரைக்கு ஏறுவதும் ஓடைப் பள்ளங்கள் வழியாகத்தான். அணை கட்டுவதற்கு முன்னால் மழைநீர் ஓடிய பள்ளங்கள் இன்னும் நீருக்கடியில் வளைகுடாவுக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் 'டிட்ச்' என்பார்கள். விடியலில் பள்ளத்தின் மேட்டு முனையில் ஜெர்க்பெயிட், அதாவது வெட்டி வெட்டி இழுக்கும் மீன் வடிவப் பொய்யிரை. வெயில் ஏற ஏற அதே பள்ளத்தோடு கீழே இறங்கி, அடியில் ஜிக், அதாவது ஈயத்தலை வைத்த முள். கரையையே பார்த்து எறிந்துகொண்டிருப்பவர், தன் படகுக்கு அடியில் கிடக்கும் மீனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

ஊரே எறியும் இரையை ஊரே எறியும் வேகத்தில் எறிவது

லேனியரில் தனியார் படகுத் துறைகள், அதாவது டாக்குகள், பத்தாயிரத்துக்கும் மேல். வசந்தத்தில் வார இறுதியில் நல்ல டாக் ஒன்றைக் காலையிலிருந்து பலர் தட்டிப் பார்த்திருப்பார்கள். எல்லோரும் ஒரே பக்கம் வருவார்கள், வெளி மூலையில் சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெயிட் என்ற பொய்யிரையை ஓட்டிவிட்டு அடுத்த டாக்குக்குப் போவார்கள். ஐந்தாவது ஆளாக நீங்களும் அதையே செய்தால் எதற்கு?

இரையைச் சின்னதாக்குங்கள், தூண்டில் நரம்பை மெல்லியதாக்குங்கள், முக்கியமாக வேகத்தைக் குறையுங்கள். ஐந்து அங்குல மென்பிளாஸ்டிக் புழுவின் நடுவில் முள்ளைக் கோத்து, எடை எதுவும் சேர்க்காமல், டாக்கின் உட்புற நிழலில் தூணை ஒட்டி விழவிடுங்கள். வாக்கி ரிக் என்பது இதுதான். விழுந்ததும் கையை அசைக்காதீர்கள். புழு படுக்கைவாட்டில், இரண்டு முனையும் துடிக்கத் துடிக்க, மெதுவாக இறங்கும். நரம்பைத் தளர்வாக விட்டு, அது தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள். கடி கையில் தெரியாது. தளர்ந்து கிடந்த நரம்பு ஒரு அரை அங்குலம் சுண்டும், அல்லது பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். அப்போதுதான் சுற்றி இழுக்க வேண்டும். பலருக்கும் தவறிப்போவது அந்தப் பத்து விநாடிப் பொறுமை. தூண் ஓரம் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டாவது முறையும் அதே இடம், அதன் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முறை.

டாக் தனியாருடையது, அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் பொதுவுடையது. அதற்காகக் கட்டியிருக்கும் படகின் மேல் ஈயத்தை டமாலென்று எறியலாம் என்று பொருளில்லை. யாராவது உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தால் அந்த டாக்கை விட்டுவிடுங்கள், அடுத்தது ஐம்பது அடியில் இருக்கிறது.

கூட்டில் இருக்கும் மீனோடு மல்லுக்கட்டுவது

தெளிந்த தண்ணீரில் போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் அடியில் தட்டு அளவுக்கு வெளிறிய வட்டம் தெரியும். ஆண் மீன் வாலால் விசிறி மண்ணை அகற்றிய கூடு அது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் ஆணுடையது. முட்டை பொரிக்க, வெப்பத்தைப் பொறுத்து, இரண்டிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதற்குப் பிறகும் குஞ்சுகள் ஓரளவு தேறும்வரை ஆண் பக்கத்திலேயே சுற்றும். அந்த நாட்களில் அது பசிக்காகக் கடிப்பதில்லை, கூட்டுக்குள் விழுந்ததை வாயால் கவ்வி வெளியே துப்பத்தான் கடிக்கிறது.

அதனால்தான் அதைப் பிடிப்பது சுலபம். பிடித்துப் படம் எடுத்து, எடை பார்த்து, நண்பரிடம் காட்டி முடிப்பதற்குள் புளூகில் என்ற சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்திருக்கும். காவல் இல்லாத முட்டைகளைத் தின்ன அவற்றுக்குச் சில நிமிடம் போதும். கூட்டு மீனைப் பிடிப்பது ஜார்ஜியாவில் சட்டவிரோதமில்லை, போட்டிகளிலும் செய்கிறார்கள். நான் அதை ரசிப்பதில்லை, அவ்வளவுதான். பிடித்தே தீருவேன் என்றால் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள். கரைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள்.

மீன் பிடிக்கும் கணக்கில் பார்த்தாலும் இது லாபமில்லை. ஒரே கூட்டின் மேல் முக்கால் மணி நேரம் நிற்பவர், பின்னால் பதினைந்தடி ஆழத்தில் இன்னும் மேலேறாமல் காத்திருக்கும் பெரிய பெண் மீன்களை விட்டுவிடுகிறார்.

அடுத்தவர் வரிசையில் குறுக்கே விழுவது

ஒரு படகு ட்ரோலிங் மோட்டாரை, அதாவது மெதுவாக நகர்த்தும் சிறு மின்மோட்டாரை, இறக்கி கரையோரமாக நகர்கிறது என்றால், அது முகம் வைத்திருக்கும் திசையிலுள்ள கரை அவருடைய வரிசை. அவருக்கு நூறு கஜம் முன்னால் போய் இறங்குவது, பேருந்து நிறுத்தத்தில் வரிசையை விட்டு முன்னால் ஏறுவதைப் போன்றது. பின்னால் போங்கள், அல்லது அடுத்த வளைகுடாவுக்குப் போங்கள். ஒரே முனையில் நின்று எறிகிறார் என்றால் எஞ்சினைத் தூரத்திலேயே அணைத்து, "எந்தப் பக்கம் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் பதிலோடு எந்த ஆழத்தில் மீன் இருக்கிறது என்பதும் சேர்ந்தே வரும்.

மரியாதை மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. ஜார்ஜியாவில் கட்டியோ நங்கூரமிட்டோ மிதந்தோ நிற்கும் படகு, டாக், வீடோ பூங்காவோ உள்ள கரை, தண்ணீரில் இருக்கும் ஆள் ஆகியவற்றுக்கு 100 அடிக்குள் வந்தால் அலை எழாத வேகத்தில்தான் போக வேண்டும். எதிரே வருகிறவர் அதைக் கடைப்பிடிக்காமல் அலையைக் கிளப்பிவிட்டுப் போனால் கத்திப் பயனில்லை. எறிவதை நிறுத்தி உட்காருங்கள், படகின் மூக்கை அலைக்குச் சாய்வாகத் திருப்புங்கள். மார்ச் மாதத் தண்ணீரில் தவறி விழுந்தால் குளிர் அதிர்ச்சியில் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு திணறும். உயிர்காப்பு ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதால் பயனில்லை, போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் படகில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கட்டாயம்.

இந்த அலையிலும் ஒரு உபயோகம் உண்டு. படகு அலைகள் அடித்து அடித்துச் செம்மண் கரையில் கலங்கல் பட்டை ஒன்று உருவாகும். கலங்கலும் தெளிவும் சேரும் விளிம்பில் பாஸ் ஒளிந்து நின்று சிறு மீன்களை மடக்கும். சனிக்கிழமை மதியம் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

படகு இறக்குமிடத்தில்

இங்கே சுருக்கம் போதும். கட்டுப்பட்டைகளை அவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது, வடிகால் அடைப்பைத் திருகுவது எல்லாம் சரிவுக்கு வருவதற்கு முன்பே நிறுத்துமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். அடைப்பை மறந்தால் படகு கண்ணெதிரே தாழ ஆரம்பிக்கும், பின்னால் பத்து வண்டி நிற்கும். இருட்டில் பின்னால் வரும்போது முகப்பு விளக்கைக் குறையுங்கள்.

பாஸ் பிடிக்கும் போட்டி நடக்கும் நாளில் எல்லோரும் இங்கிருந்து இருபது மைல் பறப்பார்கள். எடை போட்ட மீன்களை விடுவதோ இந்த இடத்தருகிலேயே. அவற்றில் பல சில நாட்கள் அக்கம்பக்கத்திலேயே தங்கும். திங்கள் மாலை கரையில் நின்று எறிகிறவருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

மே மாதத்திலும் கரையையே கட்டிக்கொண்டிருப்பது

முட்டையிட்டு முடித்த ஸ்பாட்டட் பாஸ், ப்ளூபேக் ஹெர்ரிங் என்ற வெள்ளி மீனின் பின்னால் போகும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை ஹெர்ரிங் முட்டையிட விடியலில் மணலும் களிமண்ணுமான முனைகளின் மேல் கூட்டமாக ஏறும். சூரியன் எழும் நேரத்தில் மேல்மட்டத்தில் ஓடும் இரையை அங்கே எறிந்தால் தண்ணீர் வெடிக்கும். ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மே கடைசித் திங்கள், மெமோரியல் டே விடுமுறைக்கு வரும் கூட்டம் படகை இறக்குவதும் அந்த நேரத்துக்குத்தான். அவர்கள் உள்ளே வரும்போது நீங்கள் வெளியே போகலாம்.

குழம்புக்கு எடுத்துப் போகலாமா என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். 16 வயதிலிருந்து உரிமம் வேண்டும். பாஸ் வகை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து. நீள அளவு ஏரிக்கு ஏரி மாறும் என்பதால் அந்த ஆண்டின் மாநில விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஏரி மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாநிலம் தனி வழிகாட்டியும் வெளியிடுகிறது. நடுத்தர அளவு ஸ்பாட்டட் பாஸின் சதை வெள்ளையாக, முள் குறைவாக இருக்கும். குழம்பைவிட வறுவலுக்குத்தான் அது பொருந்தும்.