ஊர்ப் பேருந்தின் நடையைக் குறைத்தால் கணக்குக் கேட்பது எப்படி?

நட்டத்தைக் காரணம் காட்டி உங்கள் ஊர் நகரப் பேருந்தின் நடைகளை, அதாவது ஒரு நாளில் அது வந்துபோகும் தடவைகளைக் குறைத்தால், வாய்மொழியாக முறையிடுவதோடு நில்லாமல், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்தை உரிய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்காமல், அந்த வழித்தடத்தின் ஓராண்டு வசூல், கிலோமீட்டருக்கான வரவு செலவு, நடையைக் குறைத்த ஆணை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள்.

மகளிர் கட்டணமில்லாப் பயணச் சீட்டுகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் கேட்க வேண்டும். 2021 மே மாதம் முதல் வழங்கப்படும் அச்சீட்டுகளுக்கான தொகையை அரசு ஈடு செய்வதால், ரொக்க வசூலை மட்டும் வைத்து ஒரு வழித்தடம் நட்டமென்று தீர்ப்பது, அதில் வேலைக்குப் போகும் பெண்களைக் கணக்கிலிருந்தே நீக்குவதாகும்.

30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கிடைத்த விவரங்களைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, நகலைக் கிளை மேலாளரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள்.